திரும்பி வரும் விதையை நம்பலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: கோவையில் 40 வீடுகள் கொண்ட குடியிருப்பு. அதில் பாதிப்பேர் மாடித்தோட்டக்காரர்கள். வாசிப்பறையில் ஓர் அலமாரி வைத்து, விதையை எடுத்துப்போய் விளைவித்து அடுத்த பட்டத்துக்குள், அதாவது அடுத்த விதைப்புப் பருவத்துக்குள், திருப்பித் தரும் விதை நூலகம் ஒன்றைத் தொடங்கினீர்கள். முதல் ஆண்டு எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாம் ஆண்டு அதே அலமாரியிலிருந்து போன சுரை ஒரு வீட்டில் வாயில் வைக்க முடியாதபடி கசந்தது. சிவப்பு வெண்டை என்று எழுதியிருந்த பொட்டலத்தில் வெளிறிய சிவப்பில் என்னவோ காய்த்தது. அவரை பாட்டிலைத் திறந்தால் வண்டு பறந்தது. யார் செய்த தவறு, இதைத் தொடரலாமா, சட்டத்தில் சிக்கல் வருமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: திரும்பி வரும் விதையை நம்பலாமா? சில பயிர்களில் யார் கொடுத்தாலும் வாங்கலாம். சிலவற்றில் எவ்வளவு நல்ல மனதோடு கொடுத்தாலும் வாங்கக் கூடாது. உங்கள் அலமாரியில் நேர்ந்த பிசகு, எல்லாப் பயிரையும் ஒரே விதியில் வாங்கிப் போட்டதுதான். ஆள்மேல் குற்றமில்லை.

எடுத்தவர் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி நம்மூருக்குப் புதிதல்ல. திருவாரூர் மாவட்டத்து ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், ஒரு விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய நெல் விதை தந்து மறு ஆண்டு 4 கிலோவாகத் திரும்ப வாங்கும் வழக்கம் இருந்தது. அது நன்றாக நடந்ததற்கு அவருடைய உழைப்பு முதல் காரணம். இன்னொரு காரணம் நெற்பூவிலேயே இருக்கிறது. நெல் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர். பக்கத்து வயலில் வேறு ரகம் நின்றாலும் பூவழியே கலப்பது மிகக் குறைவு. களத்திலும் சாக்கிலும் கலக்காமல் பார்த்துக்கொண்டால் போட்டதே வரும். இந்த விதியை அப்படியே சுரைக்கும் வெண்டைக்கும் கொண்டுவந்தால் உங்களுக்கு வந்த விளைவுதான் வரும்.

ஆகவே அலமாரியில் முதலில் பிரிக்க வேண்டியது கீரை, காய், பயறு என்றல்ல. பூ எப்படிச் சூல் கொள்கிறது என்ற கணக்கில். தக்காளி, தட்டைப்பயறு, கொத்தவரை, பீன்ஸ் ஆகியவை பெரும்பாலும் தன் மகரந்தத்தில் காய்ப்பவை. அவரையும் இந்தப் பக்கம்தான், தேனீக்களால் கொஞ்சம் கலப்பு நேரும் என்பதைத் தவிர. ஒரே பந்தலில் இரண்டு அவரை ரகங்களை ஏற்றாமல் இருந்தால் வீட்டளவுக்குப் போதும். கத்தரி, மிளகாய், வெண்டை மூன்றும் நடுவில் நிற்பவை. தன் மகரந்தத்திலும் காய்க்கும், தேனீ வந்தால் அடுத்த தொட்டியின் மகரந்தத்தையும் ஏற்கும். மிளகாயில் இந்தக் கலப்பு இடத்துக்கு இடம் பெரிதும் மாறுவதால், உங்கள் மாடியில் எத்தனை சதம் என்று யாராலும் சொல்ல முடியாது. கலக்கும் என்று வைத்துக்கொண்டு நடப்பதே நல்லது. சுரை, பீர்க்கு, புடலை, பாகல், பரங்கி, வெள்ளரி, முள்ளங்கி, தண்டுக்கீரை, மக்காச்சோளம் ஆகியவை பிற மகரந்தத்தில் காய்க்க வாய்ப்பு அதிகம் உள்ளவை. கொடிக்காய்களில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு என்பதால் யாராவது மகரந்தத்தைச் சுமந்துதான் ஆக வேண்டும். சுமக்கும் பூச்சி எந்த வீட்டு ஆண் பூவிலிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டு உட்காருவதில்லை.

எவ்வளவு தூரம் தள்ளி வைத்தால் கலக்காது என்பதற்கு விதைச் சான்றளிப்பில் அளவுகள் உண்டு. சான்று விதை நிலையில் தக்காளிக்கு 25 மீட்டர், கத்தரிக்கு 100, வெண்டைக்கும் மிளகாய்க்கும் 200, சுரை வகைகளுக்கு 500 மீட்டர். சான்று விதையைப் பெருக்குவதற்கான ஆதார விதை என்றால் இவை ஒவ்வொன்றும் இரு மடங்கு. 500 மீட்டர் என்றால் உங்கள் குடியிருப்பைத் தாண்டி அடுத்த இரண்டு தெருவும் அடங்கும். அடுத்த தெருவில் யார் என்ன சுரை போட்டிருக்கிறார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. ஆகவே மாடித்தோட்டத்தில் தூரத்தை நம்பிப் பயனில்லை; பையையும் நூலையும்தான் நம்ப வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கசந்த சுரையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. பாகல் பக்கத்தில் சுரை போட்டதால் கசந்தது என்று பல வீடுகளில் சொல்வார்கள். அது தவறு. பாகலும் சுரையும் வேறு வேறு இனம், ஒன்றோடொன்று கலக்காது. பரங்கியும் சுரையும்கூடக் கலக்காது. சுரை கலப்பது இன்னொரு சுரையோடுதான். புதரில் தானாக ஏறிக்கிடக்கும் பேய்ச்சுரையோ, குடுவைக்காக யாரோ அழகுக்கு வளர்த்த கசப்புச் சுரையோ அருகில் இருந்திருக்க வேண்டும். கசப்புக் குணம் ஓங்கு குணம் என்பதால் ஒருமுறை கலந்தாலே அந்த விதையில் வரும் கொடி கசந்த காய் காய்க்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். கலப்பு நடந்த ஆண்டில் காய் கசக்காது. காயின் சதை தாய்க்கொடியின் உடம்பு. மாறியிருப்பது உள்ளே உள்ள விதை மட்டும். அதனால் விதை கொடுத்த வீட்டார், "நாங்கள் சாப்பிட்டோம், நன்றாகத்தானே இருந்தது" என்று சொன்னால் அது பொய்யல்ல. அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

ஒரு கொடியின் எல்லாக் காயும் கசந்தால் விதைதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம். தண்ணீரின்றி வாடிய கொடியில் ஒன்றிரண்டு மட்டும் கசந்திருந்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. எப்படியானாலும் கசந்த சுரையைச் சமைக்கக் கூடாது, சாறு பிழிந்து குடிக்கவே கூடாது. அந்தக் கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டாசின் வேக வைத்தாலும் போகாது. கசந்த சுரைச்சாறு குடித்து இறந்தவர்கள் உண்டு. வெட்டியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறிந்துவிடுவதே முறை. உங்கள் அலமாரியில் அந்தத் தொகுதிச் சுரை விதை இன்னும் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். எடுத்துப்போன வீடுகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

இனி பையும் நூலும். வெண்டைக்கு இது சுலபம். நாளைக் காலை மலரப்போகும் மொட்டு இன்று மாலையே நுனியில் மஞ்சள் காட்டிப் பருத்திருக்கும். அதன் நுனியைத் தையல் நூலால் மெதுவாகக் கட்டிவிட்டால் இதழ் விரியாது, உள்ளேயே தன் மகரந்தம் பட்டுக் காய் பிடிக்கும். வெண்டைப் பூ ஒரே நாள்தான் இருக்கும். மறுநாள் வாடி உதிரும்போது நூலும் சேர்ந்து போய்விடும். அதனால் காம்பில் வேறு நிற நூல் ஒன்றைக் கட்டி அடையாளம் வையுங்கள். இதை மறந்துவிட்டுப் பிறகு எந்தக் காய் கட்டியது என்று தேடுவதுதான் வழக்கமாக நடப்பது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஒரு கிளையையே மெல்லிய வலைத்துணிப் பையில், மொட்டு விரியும் முன் நுழைத்துக் கட்டலாம். மிளகாய்ப் பையைக் காலையில் ஒருமுறை மெல்லத் தட்டினால் மகரந்தம் உதிரும். காய் பிடித்து மிளகளவு ஆனதும் பையை எடுத்துவிட்டு நூல் கட்டிவிடலாம். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வெந்துவிடும்.

கொடிக்காய்களுக்குக் கையால்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும். பெண் பூவின் அடியில் குட்டிக்காய் ஒட்டியிருக்கும், ஆண் பூவில் வெறும் காம்பு. மலரப்போகும் ஆண் மொட்டு இரண்டையும் பெண் மொட்டு ஒன்றையும் முன்கூட்டியே துணி கிளிப்பாலோ நூலாலோ மூடிவிடுங்கள். சுரை, பீர்க்கு, புடலை இவை மாலையில் மலர்பவை. பரங்கியும் வெள்ளரியும் பாகலும் விடியலில். மலரும் வேளையில் ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்து, தூளைப் பெண் பூவின் நடுவில் தடவி, பெண் பூவை உடனே மறுபடி மூடுங்கள். இரண்டு நாளில் குட்டிக்காய் தடித்தால் பிடித்தது. மஞ்சளாகிச் சுருங்கினால் மறுபடி முயல வேண்டும். எல்லாம் பிடிக்காது, அதனால் நாலைந்து பூவுக்குச் செய்யுங்கள். அந்தக் கொடியில் ஏற்கெனவே முற்றிய காய் ஒன்று தொங்கினால் புதிய காய் நிற்காது. பிஞ்சுகளைச் சமையலுக்குப் பறித்துக்கொண்டே இருப்பது நல்லது.

மக்காச்சோளத்தையும் தண்டுக்கீரையையும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டும் காற்றில் மகரந்தம் விடுபவை. சிவப்புத் தண்டும் பச்சைத் தண்டும் அடுத்தடுத்த மாடியில் பூத்தால் கலக்கும். குடியிருப்பு முழுவதும் ஒரு பட்டத்துக்கு ஒரே நிறம் என்று முடிவு செய்தால் ஓரளவு சமாளிக்கலாம். மக்காச்சோள விதையை மாடியில் காப்பாற்ற முயல வேண்டாம். நூறு செடியாவது இல்லாமல் வீரியம் குன்றும்.

செடிகளின் எண்ணிக்கை மற்ற பயிருக்கும் உண்டு. தக்காளி, பயறு போன்றவற்றில் ஒரு செடியிலிருந்து எடுத்தாலும் விதை கெட்டுவிடாது. ஆனால் ரகத்துக்குள் இருக்கும் சின்னச் சின்ன வேறுபாடுகள் ஒவ்வொரு ஆண்டும் கழன்றுகொண்டே போகும். ஐந்தாறு செடியாவது இருக்கட்டும். கொடிக்காய்களில் ஒரே கொடியின் ஆண் பூவைப் பெண் பூவுக்குப் போடுவதைவிட, அதே ரகத்தின் வேறு கொடியிலிருந்து எடுத்துப் போடுவது மேல். ஒரு மாடியில் இரண்டு கொடிக்குமேல் வைக்க இடமிருக்காது. அதனால்தான் நூலகம் வேண்டும் என்கிறேன்: மூன்று வீடுகள் ஒரே சுரையை வளர்த்து, மூன்று வீட்டுக் காய்களின் விதையையும் ஒன்றாகக் கலந்து ஒரே தொகுதியாக வைக்கலாம். தனி ஆளால் ஆகாத காரியம் இது.

ஆக, விதி இப்படி இருக்கட்டும். தக்காளி, பயறு, கொத்தவரை, அவரை விதையை யார் திருப்பிக் கொடுத்தாலும் வாங்குங்கள். கத்தரி, மிளகாய், வெண்டையில் நூல் கட்டிய காயின் விதை மட்டும். சுரைக் குடும்பத்தைக் கையால் சூல் சேர்க்கப் பழகிய நாலைந்து பேரிடம் ஒப்படையுங்கள். ஆளுக்கு ஒரு ரகம், அதற்குமேல் வேண்டாம். மற்றவர்கள் சுரையைச் சாப்பிட எடுத்துப்போகட்டும், திருப்பித் தர வேண்டாம். எடுத்தவர்களில் பாதிப்பேராவது திருப்பித் தருவார்கள் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றமே வரும். காய் பிஞ்சாக இருக்கும்போது பறித்துச் சாம்பாரில் போடுவதா, முற்ற விடுவதா என்ற போட்டியில் சாம்பார்தான் வெல்லும். இந்த நாலைந்து பேர் இருந்தால் நூலகம் நிற்கும்.

கடையில் வாங்கிய ஹைப்ரிட் விதையை, அதாவது இரண்டு பெற்றோர் வழிகளைக் கலந்து உண்டாக்கிய விதையை, பற்றியும் ஒரு குழப்பம் நிலவுகிறது. ஹைப்ரிட் காயின் விதை மலடு, முளைக்கவே முளைக்காது என்பார்கள். பெரும்பாலான காய்கறிகளில் அது நன்றாகவே முளைக்கும். சிக்கல், முளைத்த செடிகள் ஒன்றுபோல் இராமல் அப்பன் வழி ஒன்று, தாய் வழி ஒன்று என்று பிரிந்து போவதுதான். ஆகவே அலமாரிக்கு அது வேண்டாம். அதேசமயம் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டது எல்லாமே ஹைப்ரிட் என்று ஒதுக்குவதும் சரியல்ல. பெரியகுளத்தின் பிகேஎம் 1 தக்காளி, பாலூரின் பிஎல்ஆர் 1 கத்தரி, கோவில்பட்டியின் கே 1 மிளகாய் போன்றவை ரகங்கள். விதை எடுத்துப் போட்டால் அதுவே வரும். நாட்டு ரகம் என்ற பிரிவில் வைக்காமல் பெயரோடு தனியாக வையுங்கள். சிவப்போ பச்சையோ சாயம் பூசிய கடை விதை மருந்து தோய்த்தது. குழந்தைகள் கை படும் அலமாரியில் அதற்கு இடமில்லை.

எப்போது விதைக்கு விடுவது என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆடிப்பட்டத்தில் போட்ட வெண்டையும் தட்டைப்பயறும் நெற்றாகும் வேளை ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். செடியிலேயே நெற்று பூசணம் பிடிக்கும், சில சமயம் உள்ளேயே முளைக்கும். எனவே ஆடிப்பட்டத்துக் காயைச் சாப்பிட்டுவிட்டு, தைப்பட்டத்துச் செடியை விதைக்கு விடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் நெற்று கொடியிலேயே சலசலவென்று காய்ந்துவிடும். அவரைக்கு மட்டும் இந்தப் பேச்சு இல்லை, அது மழை நின்றபின் மார்கழி, தையில்தான் காய்க்கத் தொடங்கும். நூலகத்தின் கணக்காண்டும் இதற்கு ஏற்ப இருக்கட்டும்: சித்திரைக் கடைசிக்குள் விதை உள்ளே வருவது, வைகாசியில் சோதனை, ஆனி கடைசியில் வெளியே தருவது.

விதை எடுக்கும் பக்குவம் பயிருக்குப் பயிர் வேறு. தக்காளியை நன்கு கனியவிட்டு, பிழிந்து, சாறோடு ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஒன்றிலிருந்து இரண்டு நாள் புளிக்க வையுங்கள். விதையைச் சுற்றிய வழவழப்பு கரைந்து, கையில் தேய்த்தால் சொரசொரப்பாக இருந்தால் போதும். நம்மூர் வெக்கையில் மூன்றாம் நாள் விட்டால் உள்ளேயே முளைவிடும். தண்ணீர் ஊற்றி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்குவதை வடிகட்டி எடுத்துத் தட்டில் பரப்புங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு பிரியாது. கத்தரியைச் செடியிலேயே மஞ்சள் பூத்துத் தோல் மங்கும்வரை விட வேண்டும். சமையல் பக்குவக் காயில் விதை முற்றியிராது. பாகலை ஆரஞ்சு நிறம் திரும்பி வெடிக்கும் முன் பறித்து, விதையைப் போர்த்திய சிவப்புச் சதையைக் கழுவி நீக்குங்கள். சுரையும் பீர்க்கும் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை உருளும் சத்தம் வர வேண்டும். பீர்க்கின் நுனி மூடி தானாகவே திறந்து கொடுக்கும். பரங்கியைப் பறித்தபின்னும் மூன்று நான்கு வாரம் வீட்டில் வைத்திருந்து பிறகு வெட்டினால் விதை திரட்சியாக இருக்கும். மிளகாய் விதை எடுக்கும்போது கையுறை போடுங்கள். இதை ஒருமுறை மறந்தவர்கள் மறுமுறை மறப்பதில்லை.

காய வைப்பதில்தான் விதையின் ஆயுள் இருக்கிறது. கழுவிய விதையை ஒரு நாள் நிழலில் உலர்த்தி, பிறகு காலை 8 முதல் 12 வரையும் மாலை 3 முதல் 5 வரையும் வெயிலில் வைக்கலாம். உச்சி வெயிலில் வேண்டாம். மொட்டைமாடிச் சிமெண்டிலும் தகரத்திலும் நேராகப் பரப்ப வேண்டாம், துணியோ முறமோ போதும். காய்ந்ததா என்று பார்க்க, பயறு விதையைக் கடித்தால் பல் பதியாமல் உடைய வேண்டும். பரங்கி, சுரை விதையை வளைத்தால் வளையாமல் முறிய வேண்டும். இன்னொரு சோதனை: உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் வறுத்து ஆற்றிய தூள் உப்போடு விதையைப் போட்டுக் குலுக்கிச் சற்று நேரம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் ஈரம் மிச்சம் இருக்கிறது.

விதை அறிவியலில் ஹாரிங்டன் விதி என்று ஒன்று சொல்வார்கள். விதையின் ஈரம் ஒரு சதம் குறைந்தால் ஆயுள் சுமார் இரட்டிக்கும். வெப்பம் சுமார் 5.6 டிகிரி செல்சியஸ் குறைந்தால் மறுபடி இரட்டிக்கும். அதிலிருந்து வந்த எளிய கணக்கு, பாரன்ஹீட்டில் வெப்பத்தையும் காற்றின் ஈரப்பத சதத்தையும் கூட்டினால் 100க்குள் இருக்க வேண்டும் என்பது. உங்கள் வாசிப்பறையில் 28 டிகிரி என்றால் பாரன்ஹீட்டில் 82. ஈரப்பதம் 70 என்றால் கூட்டு 152. திறந்த அலமாரியில் காகிதப் பொட்டலம் பார்க்க அழகு, விதைக்குக் கேடு. குளிர்பெட்டியில் 5 டிகிரி என்றால் 41. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் போட்ட காற்றுப்புகாத பாட்டிலுக்குள் ஈரப்பதம் 30 என்றால் கூட்டு 71. ஆகவே அலமாரியில் அந்தப் பட்டத்துக்குத் தேவையான பொட்டலம் மட்டும் இருக்கட்டும், மீதி பாட்டிலில் குளிர்பெட்டிக்குப் போகட்டும். விதையின் எடைக்குச் சமமான எடை சிலிக்கா ஜெல்லை மெல்லிய துணியில் முடிந்து ஒரு வாரம் பாட்டிலில் வைத்தாலே ஈரத்தை இழுத்துவிடும். ஆரஞ்சு நிற மணிகளாக வாங்குங்கள். நீல மணியில் கோபால்ட் உப்பு சேர்ந்திருக்கும், அதைச் சமையல் சட்டியில் சூடாக்கக் கூடாது. சிலிக்கா கிடைக்காவிட்டால் நன்கு வறுத்து ஆறவைத்த அரிசி ஓரளவு உதவும். குளிரிலிருந்து எடுத்த பாட்டிலை அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள். திறந்தால் விதைமேல் நீர் பூக்கும், பட்ட பாடு வீண்.

அவரை பாட்டிலில் வந்த வண்டு வெளியிலிருந்து நுழைந்ததல்ல. பயறு வண்டு கொடியில் நெற்றின்மேலேயே முட்டையிட்டுவிடும், புழு விதைக்குள் புகுந்து இருக்கும், பாட்டிலுக்குள் வண்டாகி வெளியே வரும். அதன்பின் பாட்டிலுக்குள்ளேயே விதைமேல் வெள்ளைப் புள்ளிகளாக முட்டையிட்டு அடுத்த தலைமுறை. வேப்பிலை போட்டால் போதும் என்பதை நம்ப வேண்டாம். பச்சை இலை போட்டால் ஈரம்தான் சேரும். நம்பகமான வழி, நன்கு காய்ந்த விதையைக் காற்றுப்புகாத பாட்டிலில் அடைத்து, பிரீசரில் ஒரு வாரம் வைத்து, எடுத்தபின் ஒரு நாள் திறக்காமல் விடுவது. காயாத விதையை உள்ளே வைத்தால் வண்டோடு விதையும் சாகும். பிரீசர் இல்லையென்றால் கிலோவுக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அதாவது 100 கிராமுக்குப் பத்துச் சொட்டு, பிசறி வைக்கலாம். கிலோவுக்கு 10 கிராம் வசம்புப் பொடியும் வேலை செய்யும். துவரையைச் செம்மண் கட்டி வைப்பது பழைய வழி, அதுவும் வீணல்ல. இப்படி எண்ணெயோ வசம்போ சேர்த்ததைப் பொட்டலத்தில் எழுதிவிடுங்கள், யாராவது ஊறவைத்துச் சுண்டல் செய்துவிடாதபடி.

முளைப்புச் சோதனை இல்லாமல் எதையும் அலமாரியில் ஏற்றாதீர்கள். ஈரத்துணியில் 50 விதையை வரிசையாக வைத்துச் சுருட்டி, காயாமல் பார்த்துக்கொண்டு எண்ணுங்கள். பயறும் கீரையும் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். கத்தரி, மிளகாய்க்கு இரண்டு வாரம் கொடுங்கள். சான்றளிப்பில் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு தட்டைப்பயறுக்கு 75 சதம், தக்காளி, கத்தரிக்கு 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் சுரை வகைக்கும் 60. இதற்குக் கீழே இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். அரிய ரகம் என்றால் முன்பு சொன்ன அந்த நாலைந்து பேரில் ஒருவர் உடனே விதைத்துப் புதுப்பிக்கட்டும். எந்த விதை எத்தனை ஆண்டு தாங்கும் என்று பட்டியல்கள் கிடைக்கும். அவை பெரும்பாலும் குளிர்நாட்டுக் கணக்கு, நம் வீட்டு அலமாரிக்குப் பொருந்தாது. வெங்காயமும் மிளகாயும் வெண்டையும் சீக்கிரம் போகும், தக்காளியும் கத்தரியும் பரங்கியும் தாங்கும் என்ற வரிசை மட்டும் மாறாது. முருங்கை, கறிவேப்பிலை விதைகள் அலமாரிக்கே வேண்டாம். முதலாவதைப் போத்தாக, அதாவது கிளைத் துண்டாக, நடலாம், இரண்டாவது பழுத்த சில வாரத்திலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும்.

பொட்டலத்தில் ரகத்தின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தது, விளைந்த மாதமும் ஆண்டும், எத்தனை செடியிலிருந்து, நூல் கட்டியதா இல்லையா, முளைப்பு எத்தனை சதம் என்பவை இருக்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். பார்க்க முள்ளுக்கத்தரி போல இருக்கிறதே என்று இலவம்பாடி ரகம் என்று எழுதிவிட்டால், அடுத்த ஐந்து ஆண்டும் அந்தப் பொய் வளரும். விதையைக் கையில் வைத்துப் பார்த்து அது கலந்ததா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. வளர்ந்து காய்த்த பின்தான் தெரியும். எனவே ஒவ்வொரு தொகுதியிலும் பாதியைத் தாய்விதையாக ஒதுக்கி, இரண்டு வெவ்வேறு வீட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். புதிதாக வந்த விதை ஒரு பட்டம் வளர்ந்து சரியென்று தெரியும்வரை பழைய தாய்விதையைத் தொடாதீர்கள். பொட்டலத்துக்குத் தக்காளி, கத்தரி என்றால் 20 விதை, சுரை வகை என்றால் 6 போதும். கொத்தாக அள்ளிக்கொடுத்தால் நாற்றாகி வாடும், அவ்வளவுதான்.

நோயைப் பற்றிச் சிலவற்றைத் தெளிவாகச் சொல்லலாம். வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் வெள்ளை ஈயால் வருவது, விதை வழியே வராது. தட்டைப்பயறின் தேமல் நோய்களில் சில விதை வழியாக வரும், தக்காளியின் தேமல் வைரஸ் ஒன்று விதைத்தோலில் ஒட்டி வரும். புளிக்கவைத்தால் நோயெல்லாம் போய்விடும் என்பது பாதிதான் உண்மை. சில கிருமிகள் குறையும், வைரஸை அதை வைத்து நீக்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். இலை சுருண்ட, தேமல் விழுந்த எந்தச் செடியிலும் விதை எடுக்காமல் இருப்பதே வீட்டளவில் செய்யக்கூடியது. அது விதைவழி நோயா இல்லையா என்று அலசிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை நீங்கள் பயப்படும் அளவுக்கு எதுவும் இல்லை. 1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஒருவர் தாம் விளைவித்த விதையைத் தம் இடத்திலேயே இன்னொருவருக்கு விதைப்புக்காக நேரடியாகத் தருவதை, விற்பதைக்கூட, சட்டத்தின் பிடியிலிருந்து விலக்குகிறது. 2001ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தாலும் உழவர் விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் உரிமை தருகிறது. வணிகப் பெயர் பொறித்து விற்கத்தான் தடை. ஆக, காசு வாங்காமல் குடியிருப்புக்குள் பகிரும்வரை கவலையில்லை. பொட்டலத்துக்கு விலை போட்டு வெளியாருக்கு விற்கும் எண்ணம் வந்தால் 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி உரிமம் பற்றிப் பேச வேண்டிவரும். அப்போது வட்டார வேளாண் அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இங்கே எழுதியதை வழக்கறிஞர் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அலமாரியில் இருப்பதை என்ன செய்வது? சுரை வகை விதை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அவற்றில் முதல் ஆண்டில் வெளியிலிருந்து வாங்கிய மூலப் பொட்டலம் மிச்சம் இருந்தால் அதுதான் இனித் தாய்விதை, அதைக் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். வெண்டை, கத்தரி, மிளகாயில் நூல் கட்டாத தொகுதிகளைச் சாப்பிட மட்டும் என்று எழுதி ஒரு தனிப் பெட்டியில் போடுங்கள். வளர்த்துச் சாப்பிட அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. வண்டு விழுந்த அவரையில் ஓட்டை இல்லாத விதைகளைப் பொறுக்கி ஒரு வாரம் பிரீசரில் வைத்து, 50 விதை முளைப்புப் பாருங்கள். தக்காளியையும் பயறையும் கொத்தவரையையும் சோதித்துவிட்டு அப்படியே தொடரலாம். வரும் ஆடிக்கு அலமாரியில் ஏழெட்டு ரகத்துக்கு மேல் வேண்டாம். தைப்பட்டத்துக்குள் மொட்டுக் கட்டவும் பூச்சேர்க்கவும் கற்றுக்கொள்ள ஆர்வமுள்ள நாலு பேரைப் பிடித்துவிடுங்கள்.